எரிக்க இருந்த குவியலில் ராமானுஜன் தாள்கள்... உங்க ரூம்ல இருக்குற அந்த கவர்ல என்ன இருக்கு?

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களிடம் ஒரு கவர் இருக்கும். ஜவுளிக்கடை கட்டைப்பையாக இருக்கலாம், பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைலாக இருக்கலாம். உள்ளே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐ.டி.ஐ சர்டிஃபிகேட், முதல் கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் (அது பெரும்பாலும் கான்ட்ராக்டர் பெயரில்தான் இருக்கும்), இ.எஸ்.ஐ அட்டை, மடித்து மடித்துக் கிழியப்போகிற டாக்டர் சீட்டு, ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம், என்றைக்கோ காலாவதியான ஐ.டி கார்டு.

ரூம் மாறும் நாள் வரும். வெளியே குட்டியானை நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார். கவரை எடுத்துப் பார்த்துவிட்டு, 'இது வேணுமா, வேணாமா?' என்று அரை நிமிடத்தில் முடிவெடுப்பீர்கள். பாதி குப்பைக்குப் போகும்.

அந்த அரை நிமிட முடிவை மாதக்கணக்கில் உட்கார்ந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் ஆவணக் காப்பகம் என்று ஒரு பிரிவு உண்டு. ஒரு பேராசிரியர் இறந்துபோனால் அவர் வீட்டு பீரோவில் இருந்த கடிதங்கள், ஒரு துறை மூடப்பட்டால் அதன் ஃபைல்கள் என எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றை எப்படி அடுக்குவது என்பது தனி வித்தை. அந்த வித்தை நம் கவருக்கும் உதவும் என்பதால்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் ஒரு கதை.

ஒரு அடி உயரக் குப்பை!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ராமானுஜர் என்றால் வைணவ ஆச்சாரியார்தான் முதலில் ஞாபகம் வருவார். அவர் பிறந்த ஊராச்சே! நான் சொல்வது கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் அவர் இறந்தார். கடைசி வருடத்தில் நோயோடு படுத்துக்கொண்டே கணக்கு எழுதிய தாள்கள் மிஞ்சின. சென்னைப் பல்கலைக்கழகம் அவர் விட்டுச்சென்ற தாள்களை 1923-ல் இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பியது. ஹார்டியிடமிருந்து அந்தத் தாள்கள் வாட்சன் என்ற இன்னொரு கணிதப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தன.

1965-ல் வாட்சன் இறந்தார். அவரைப் பற்றி இரங்கல் கட்டுரை எழுத வேண்டிய விட்டேக்கர் என்ற கணித அறிஞர், வாட்சனின் மனைவியைப் பார்க்கப் போனார். வாட்சனின் அறையைத் திறந்து காட்டினார்கள். தரை முழுக்க சுமார் ஒரு அடி உயரத்துக்குக் காகிதம். கணக்கு, கடிதம், வரித்தாள் எல்லாம் கலந்து கிடந்தன. இன்னும் சில நாள்களில் மொத்தத்தையும் எரித்துவிடப் போகிறார்கள் என்ற நிலை. விட்டேக்கர் குவியலுக்குள் கையை விட்டு அள்ளியதில் வந்தது... ராமானுஜன் கையெழுத்துத் தாள்கள்!

அவை ராபர்ட் ராங்கின் என்ற பேராசிரியர் வழியாக 1968 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போயின. அதோடு கதை சுபம் என்று நினைத்தால், இல்லை. பெட்டிக்குள் இருந்த அந்தத் தாள்களை அடுத்த ஏழு வருடங்களுக்கு மேல் கணித உலகம் கண்டுகொள்ளவில்லை. 1976-ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்த நூலகத்தில் வாட்சன் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ராமானுஜன் கடைசியாகக் கண்டுபிடித்த 'மாக் தீட்டா' சார்புகள் குறித்துத்தான் ஆண்ட்ரூஸ் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தார். அதனால் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தாள்களில் இருந்தவை 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். உலகம் இதை 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்கிறது. உண்மையில் அது தொலையவும் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை. பெட்டிக்குள் கிடந்த உதிரித் தாள்கள்!

அந்தத் தாள்களுக்கு நிரூபணமும் விளக்கமும் எழுதி முடிக்க ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ண்ட்டும் ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது. முதல் தொகுதி 2005, கடைசித் தொகுதி 2018. எரிக்கும் தேதிக்கும் இதற்கும் இடையில் இருந்தது சில நாள்கள்தான்.

கலைக்காதே!

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது எரிப்பு விஷயம்கூட இல்லை. அந்த ஏழு வருடங்கள்தான். தாள் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் இருப்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஆவணக் காப்பகத்தில் பெட்டியை அடுக்குவது பாதி வேலை என்றால், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, யார் கை மாறி வந்தது என்று நாலு பக்கத்தில் பட்டியல் எழுதி வைப்பது மீதி வேலை.

அடுக்குவதில் முதல் விதி நம் வீட்டுப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. நாம் என்ன செய்வோம்? கடிதமெல்லாம் ஒரு கட்டு, பில்லெல்லாம் ஒரு கட்டு, போட்டோவெல்லாம் ஒரு கட்டு. பார்க்க நீட்டாக இருக்கும். காப்பகத்தில் அப்படிச் செய்தால் திட்டு விழும். ஒருவருடைய தாள்களை இன்னொருவருடைய தாள்களோடு கலக்கக் கூடாது. அவர் வைத்திருந்த வரிசையைக் காரணமில்லாமல் கலைக்கக் கூடாது. 1841-ல் பிரான்ஸ் உள்துறை அமைச்சகம் போட்ட சுற்றறிக்கையில் இதன் முதல் பாதி வந்தது. நாற்பது வருடம் கழித்து 1881-ல் பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் அடுத்த பாதியை விதியாக்கியது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் காப்பகங்களுக்கு இதுதான் அடிப்படை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு உதாரணம் யோசித்துப் பாருங்க. ஒரு ஃபைலில் மேலே ஆஸ்பத்திரி பில், அதற்குக் கீழே லீவு லெட்டர், அதற்குக் கீழே சம்பளம் பிடித்த சீட்டு, கடைசியில் வேலையை விட்டு நிறுத்திய கடிதம். நான்கையும் நான்கு கட்டுகளில் பிரித்துப் போட்டுவிட்டால் அது வெறும் பில், வெறும் கடிதம். சேர்ந்திருந்தால் ஒரு மனிதனுக்கு ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்பது தெரியும். தாளில் எழுதாததை வரிசை சொல்லும்.

பெரிய தொகுப்பு என்றால் தாள் தாளாக எண்ண மாட்டார்கள். அலமாரியில் எத்தனை அடி நீளம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு! முதலில் எதையும் நகர்த்தாமல் முழுசாக ஒருமுறை பார்த்து, எழுதி, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு துருப்பிடித்த குண்டூசி, கிளிப், இற்றுப்போன ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுப்பார்கள். அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் எழுதுவார்கள். பேனா மேஜைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் தாள்கள் அவர் வேலை பார்த்த சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இப்படித்தான் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே.ராமானுஜனின் தாள்களும் அங்கேதான். 1993-ல் இறந்த அவருடைய டைரிகளிலிருந்து 2019-ல் ஒரு புத்தகமே வந்தது. நம் பக்கத்தில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் காப்பகம் 2019-ல் திறக்கப்பட்டது. விஞ்ஞானிகளின் சொந்தத் தாள்களைச் சேர்க்கிறார்கள்.

30 ரூபாய் குமாஸ்தா

சொந்தத் தாள் ஒரு வகை. நிறுவனத்தின் தாள் வேறு வகை. ஒருவர் டைரி அவரோடு நின்றுவிடும். ஆபீஸ் ஃபைல் நிற்காது. ஆள் மாறினாலும் வருடாவருடம் வந்துகொண்டே இருக்கும். மீட்டிங் குறிப்பு, சுற்றறிக்கை, வருகைப் பதிவேடு, பணி நியமனம்... எதை எத்தனை வருடம் வைப்பது, எதை நிரந்தரமாக வைப்பது என்று முன்கூட்டியே அட்டவணை போட்டால்தான் சமாளிக்க முடியும். ஊழியர்களின் தனிப்பட்ட ஃபைல்களை இத்தனை வருடத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று பூட்டியும் வைப்பார்கள்.

அந்த மாதிரி ஆபீஸ் தாள் ஒன்றைச் சொல்கிறேன். 1912 பிப்ரவரி 9-ம் தேதி ஒரு இளைஞர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ வரை படித்தேன், சூழ்நிலையால் தொடர முடியவில்லை, எனக்கு வேலை கொடுங்கள் என்கிற ரீதியில். மார்ச் 1-ல் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அந்தக் குமாஸ்தாதான் ராமானுஜன். எழுதிய அன்றைக்கு அது ஒரு சாதாரண வேலை விண்ணப்பம், அவ்வளவுதான். உங்கள் கவரில் இருப்பதும் அதுதானே?

இப்போ நம்ம ஏரியாவுக்கு வாங்க. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது 1998-ல். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி, 2014 நவம்பர் 1-ல் மூடியது. ஒரு தலைமுறையே ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்த எட்டு வருடங்கள் அவை. அங்கே வேலை பார்த்தவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை பேர் ஒரு ரூமில் தங்கினார்கள், கேன்டீனில் என்ன சாப்பாடு, எதற்காகக் கேட்டில் உட்கார்ந்தார்கள் என்று நாளைக்கு ஒரு மாணவி ஆராய்ச்சி செய்ய வந்தால் எங்கே போவார்?

அரசுத் தாள் என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மத்திய அரசுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 1993-ம் ஆண்டு பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. விதியை மீறி ஆவணத்தை அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், சில நேரம் இரண்டுமே. தனியார் கம்பெனியை இந்தச் சட்டம் தொடாது. கான்ட்ராக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நொய்டாவில் வி.வி.கிரி தேசிய தொழிலாளர் நிறுவனம், தொழிலாளர் வரலாற்று ஆய்வாளர்களோடு சேர்ந்து 1998 முதல் இந்தியத் தொழிலாளர் ஆவணங்களை டிஜிட்டலில் சேர்த்து வருகிறது. நல்ல முயற்சி. ஆனால், பிள்ளைப்பாக்கம் மேன்ஷன் ரூம் பரண்மேல் இருப்பதை அவர்கள் வந்து எடுக்க முடியாது.

அதைவிட அவசரமான விஷயம் உங்கள் காசு. பி.எஃப்-பில் உங்களுக்கு யு.ஏ.என் ஒன்றுதான். ஆனால், கம்பெனி மாறும்போதெல்லாம் அதற்குக் கீழே தனித்தனி மெம்பர் ஐ.டி. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பெயரின் எழுத்து ஏதாவது ஒன்று இடித்தால் பணம் எடுக்கும்போது இழுக்கும். பழைய கான்ட்ராக்டர் அப்போது போனை எடுப்பாரா என்பது உங்களுக்கே தெரியும்.

எனவே, பேஸ்லிப் எல்லாம் ஒரு இடம், ஐ.டி கார்டெல்லாம் ஒரு இடம் என்று பிரிக்காதீங்க. கம்பெனிக்கு ஒரு உறை. ஆர்டரில் தொடங்கி ரிலீவிங் வரை எல்லாம் அதற்குள், வந்த வரிசையிலேயே. 1841 விதி உங்க பரண்மேலயும் வேலை செய்யும்! உறைமேல் பென்சிலில் கம்பெனி பெயர், கான்ட்ராக்டர் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், மெம்பர் ஐ.டி எழுதுங்கள். எந்த உறையில் என்ன இருக்கிறது என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி மேலாக வைத்துவிடுங்கள்.

சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்யலாமா? வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப்பும் வேண்டாம், மஞ்சளாகிப் பிசுக்கேறும். ஏ.டி.எம் சீட்டு மாதிரி வழுவழு காகிதத்தில் அச்சாகி வருபவை வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் வெளுத்துவிடும். அதை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். கம்பெனி ஆப்பில் வரும் பேஸ்லிப் இன்னும் மோசம். வேலையை விட்ட பிறகு லாகின் நின்றுபோனால் போனதுதான். மாதாமாதம் பி.டி.எஃப்-ஆக இறக்கி, வருடம், மாதம், கம்பெனி என்ற வரிசையில் பெயர் வைத்து, போனில் மட்டும் இல்லாமல் இன்னொரு இடத்திலும் போட்டு வைங்க.

இதெல்லாம் ஒரு வார லீவு நாளில் இரண்டு மணி நேர வேலை. அடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாட்சன் வீட்டுக் குவியலில் ராமானுஜன் தாள் கிடந்த மாதிரி, உங்கள் கவரிலும் வேறொருவர் தாள் மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. போன வருடம் ரூமைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்குப் போன நண்பனின் டி.சி-யோ, மருந்துச் சீட்டோ இருந்தால், படிக்காமல் மடித்துத் தனியாக வைத்துவிட்டு அவனுக்கு ஒரு போன் போடுங்க. இத்தனை நாளா அதைத்தான் தேடிக்கிட்டு இருப்பான்!