மிஞ்சிய சோறு அடுப்பை எரிப்பது எப்படி?

சதுர்த்தி நாளில் செட்டிநாட்டுப் பிள்ளையார்பட்டியில் கூட்டம் அலைமோதும். அன்று இலையில் மிஞ்சும் சோறும் காய்கறித் தோலும் குப்பைமேட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

குவியலின் உள்ளே, காற்றுப் புகாத இடத்தில், நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும்.

அதே வேலையை மூடிய கலனுக்குள் நடத்தலாம். முதலில் கொஞ்சம் சாணக் கரைசல். பிறகு அரைத்த கழிவும் தண்ணீரும். மிதக்கும் மூடி மெல்ல உயர்ந்தால் வாயு சேர்கிறது என்று பொருள். ஒரு கனமீட்டர் வாயு, சுமார் 450 கிராம் சிலிண்டர் எரிவாயுவுக்கு ஈடு. அடுப்பில் அது எரியும்போது வரும் கரியமில வாயு, பயிர் அண்மையில் காற்றிலிருந்து எடுத்ததுதான். கழியும் கரைசல் வயலுக்கு உரம்.

கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் ‘சக்தி சுரபி’ கலன் இந்த முறையில்தான் இயங்குகிறது. பந்திக்குப் பேர்போன செட்டிநாட்டில், மண்டபத்துக்கு ஒரு கலன் வைத்தே ஆகவேண்டும்.