29 ஆம் மாலையும் 5 என்ற எண்ணும்

இலங்கையின் நிந்தவூருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். ஹிஜ்ரி மாதத்தின் 29 ஆம் நாள் மஃரிப் (சூரிய மறைவு) வேளையில் தலைப்பிறை தேடுவோர் வயல் பக்கமே பார்க்கிறார்கள். ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சராசரியாக 29.53 நாள், எனவே மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம்.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே சுமார் 7 பாகை விலகல் இல்லாவிட்டால் பிறை தெரியாது என்று 1930களில் கணித்தவர் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜோன். சந்திரன் சூரியனை விட்டு நாளொன்றுக்குச் சராசரியாக 12.2 பாகை, மணிக்கு 0.51 பாகை விலகுகிறது. அமாவாசைக் கணத்திலிருந்து 7 பாகைக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும்.

விலகல் மட்டும் போதாது; பிறை வானத்தின் ஒளியிலிருந்து பிரிந்தும் தெரிய வேண்டும். அங்கே வரும் எண் 5. ஒளி துகள்களாக வருவதால் அவற்றின் எண்ணிக்கை எப்போதும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே காட்சி இரைச்சல். சராசரி 10,000 துகள் என்றால் இரைச்சல் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1%. பத்து லட்சம் என்றால் 1,000, அதாவது 0.1%. ஒரு பொருளை ஐயமின்றி அடையாளம் காண, பின்னணியிலிருந்து அதன் வேறுபாடு இரைச்சலைப் போல் சுமார் 5 மடங்கு இருக்க வேண்டும் என்று 1948 இல் இயற்பியலாளர் ஆல்பர்ட் ரோஸ் காட்டினார்.

2013 ஜூலை 8 அன்று பிரெஞ்சு வானியல் புகைப்படக் கலைஞர் தியரி லெகோ, டான்ஜோனின் 7 பாகைக்கும் குறைவாக, 4.4 பாகை விலகலில் பிறையைப் படம் பிடித்தார். அகச்சிவப்பிலேயே வானம் பிறையை விடச் சுமார் 400 மடங்கு பிரகாசம்; வேறுபாடு 0.25%. ரோஸின் கணக்கில் இதற்குத் தேவை (5 ÷ 0.0025)², அதாவது 40 லட்சம் துகள். வேறுபாடு 10% என்றால் 2,500 போதும். 40 லட்சம் என்பது அதைப் போல் 1,600 மடங்கு. கேமரா 100 படங்களைச் சேர்த்து இரைச்சலைப் பத்தில் ஒன்றாக்கும். கண் ஒளியைச் சேர்த்து வைப்பது சுமார் 0.1 வினாடி மட்டுமே.

வானத்தை 10,000 துண்டாகப் பிரித்துத் தேடுவதாகக் கொள்வோம். இரைச்சலின் 2 மடங்கைப் பிறை என்று ஏற்றால், பிறையே இல்லாத வானத்திலும் சுமார் 228 இடங்களில் பிறை தெரியும். 3 மடங்கில் 13. 5 மடங்கில் 0.003. கணிப்பு காட்டும் 100 துண்டில் மட்டும் தேடினால் 228 என்பது 2 ஆகக் குறையும்.

கண்டேன் என்பவரும் காணவில்லை என்பவரும் இருவருமே உண்மையானவர்களாக இருக்கலாம். சாட்சியின் நேர்மையை எடைபோடும் முன், எத்திசையில், எத்தனை பாகை உயரத்தில் பார்த்தார் என்று கேட்பது அவருக்கும் ஊருக்கும் செய்யும் நியாயம்.