சம்பளச் சீட்டில் ஒரு டாக்டர்

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே பிழைப்புத் தேடிப் போனவர்கள் பலர். அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம்.

கணவர் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 16,000 ரூபாய். மனைவி வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுக்கிறார். மாலை வகுப்புக்குப் போய் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. எதிரே 120 என்று இருந்தது.

"என்னங்க, மாசாமாசம் 120 ரூபாய் பிடிக்கிறாங்களே, எதுக்கு?"

"அது இ.எஸ்.ஐ. எல்லாருக்கும்தான் பிடிக்கிறாங்க."

"பிடிச்சுட்டு நமக்கு என்ன தர்றாங்க?"

கணவருக்குப் பதில் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை.

அப்போது அவர் காலில் ஒரு புண் இருந்தது. இரண்டு மாதமாக ஆறவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. அடிக்கடி தாகம் எடுத்தது. தெருமுனையில் இருந்த ஒருவரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் 200 ரூபாய் செலவு. அவர் என்ன படித்தவர் என்று ஒருவருக்கும் தெரியாது. வாசலில் பெயர்ப் பலகைகூட இல்லை.

120 ரூபாயின் கணக்கு

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். 1948இல் இதற்காகச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. கான்பூரில் தொடங்கி வைத்தவர் பிரதமர் நேரு.

இத்திட்டத்துக்குத் தொழிலாளியும் பணம் கட்டுகிறார், முதலாளியும் கட்டுகிறார். 2019 ஜூலையில் வந்த விகிதப்படி தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய்.

16,000 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் போடலாம். தொழிலாளி 120 ரூபாய். முதலாளி 520 ரூபாய். மொத்தம் மாதம் 640 ரூபாய். ஒரு வருடத்துக்கு 7,680 ரூபாய்.

இந்தப் பணம் ஏற்கெனவே கட்டிய வைத்தியச் செலவு. தொழிலாளிக்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கு இதில் வைத்தியம் உண்டு. ஆக, தெருமுனையில் கொடுத்த 200 ரூபாய் இரண்டாவது தடவை கட்டிய பணம்.

பக்கத்துத் தெருவிலேயே டாக்டர்

இ.எஸ்.ஐ. என்றதும் பெரிய ஆஸ்பத்திரியும் நீண்ட வரிசையும் நினைவுக்கு வரும். சாதாரணக் காய்ச்சலுக்கு அங்கே போக வேண்டியதில்லை. பல ஊர்களில் இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் இருக்கின்றன. மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களில் சிலர் இ.எஸ்.ஐ. பட்டியலில் சேர்ந்திருப்பார்கள். இவர்களைப் பேனல் டாக்டர் என்று சொல்வார்கள்.

பேனல் டாக்டரிடம் ஒரு குடும்பம் பதிவு செய்துகொள்கிறது. அந்தக் குடும்பத்துக்காக ஆண்டுக்கு இவ்வளவு என்று இ.எஸ்.ஐ. அவருக்குப் பணம் தருகிறது. குடும்பம் பத்து முறை போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அந்தப் பணம் அவருக்கு வரும். ஆகவே பார்ப்பதற்கு நோயாளியிடம் கட்டணம் கேட்கக் கூடாது. கேட்டால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

எப்படித் தேடுவது?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவர்தான் வழி சொன்னார்.

"முதல்ல உன் வீட்டுக்காரரோட நம்பரைக் கேளு. அது இல்லாம எதுவும் நடக்காது."

ஒவ்வொரு தொழிலாளிக்கும் பத்து இலக்கக் காப்பீட்டு எண் உண்டு. தொழிற்சாலை அலுவலகத்தில் கேட்டால் அதைக் கொடுக்க வேண்டும். அட்டையில் குடும்பத்தார் எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் விட்டுப்போனால் அவருக்கு வைத்தியம் கிடைப்பதில் சிக்கல் வரும். இதை நோய் வருவதற்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, எந்த மருந்தகம் அல்லது எந்த டாக்டர் என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது அலுவலகத்திலேயே ஏதோ ஒன்றைப் போட்டிருப்பார்கள். அது வீட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கலாம். அப்படியானால் மாற்றிக்கொள்ளலாம். கிளை அலுவலகத்தில் அந்தப் பகுதி டாக்டர்களின் பட்டியலைக் கேட்கலாம். 1800-11-2526 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

நல்ல டாக்டரை எப்படி அறிவது?

பட்டியலில் நாலைந்து பேர் இருந்தால் யாரிடம் போவது? தலை நரைத்திருந்தால் மட்டும் அனுபவசாலி என்று சொல்ல முடியாது. சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பதிவு எண் இருக்கிறதா? டாக்டர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் தெரியும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. எண் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது.

எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? பல வருடம் ஒரே இடத்தில் இருப்பவருக்கு அந்தத் தெருவின் தண்ணீரும் தெரியும், சாக்கடையும் தெரியும். மழைக்காலத்தில் அங்கே என்ன காய்ச்சல் வரும் என்பதும் தெரியும்.

கேட்கிறாரா, தொட்டுப் பார்க்கிறாரா? நல்ல டாக்டர் முதலில் கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் ஊசி போட மாட்டார்.

தம்மால் முடியாததை மேலே அனுப்புகிறாரா? இது மிக முக்கியம். அவர் கடிதம் கொடுத்தால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே வசதி இல்லாத வைத்தியத்துக்கு, ஒப்பந்தம் உள்ள வேறு ஆஸ்பத்திரிக்கு அவர்கள் அனுப்புவார்கள்.

எந்த நேரத்தில் இருப்பார், மருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் கிளினிக் மூடியிருந்தால் பயன் இல்லை.

கணவனும் மனைவியும் இப்படி விசாரித்து ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் காலைப் பார்த்தார். தாகம் பற்றிக் கேட்டார். உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். இன்னும் தாமதித்திருந்தால் கால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்.

விடுப்புக்கும் பணம்

தொழிலாளி நோயில் படுத்தால் சம்பளம் போகும். அதற்கும் இ.எஸ்.ஐ.யில் வழி இருக்கிறது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருந்தால், அதற்குரிய பயன்பெறும் காலத்தில் நோய்க்காலப் பணம் கிடைக்கும். சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை தருவார்கள். நாள் கூலி 500 ரூபாய் என்றால் 350 ரூபாய் வரும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை.

இதற்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். முன்பு கணவர் ஆறு நாள் படுத்திருந்தபோது தெருமுனைக்காரரிடம் ஒரு சீட்டு வாங்கினார். அது செல்லவில்லை. ஆறு நாள் சம்பளமும் போயிற்று. நல்ல டாக்டரிடம் பதிவு செய்துகொள்வது வயிற்றுப்பாட்டுக்கும் பாதுகாப்பு.

ஊரில் இருக்கும் குடும்பம்

தொழிலாளி மும்பையில் இருப்பார். அவரது பெற்றோர் திருநெல்வேலியில் இருப்பார்கள். அப்போது என்ன செய்வது? தொழிலாளிக்கு ஒரு மருந்தகம், குடும்பத்துக்கு வேறு ஊரில் ஒரு மருந்தகம் என்று பதிவு செய்ய இடம் உண்டு. இதைத் தெரியாமல் கடன் வாங்கி ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு அட்டை

பலரிடம் ஆயுஷ்மான் அட்டை இருக்கும். 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய திட்டம் அது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் கிடைக்கும். 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்தவர்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இதில் சேரலாம்.

ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் வைத்தியத்துக்கு உரியது. காய்ச்சல், இருமல், சர்க்கரை மாத்திரை என்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்ட அது உதவாது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் இவற்றுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நகராட்சி மருந்தகத்துக்கோ போகலாம். ஆயுஷ்மான் திட்டம் பற்றிக் கேட்க 14555 என்ற எண் இருக்கிறது.

எந்த அட்டை எதற்கு என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும்.

இப்போது அந்த வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காப்பீட்டு எண், டாக்டர் இருக்கும் நேரம், அடுத்து சர்க்கரை பார்க்க வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்கின்றன. அத்தனையும் மனைவி தம் கையால் எழுதியவை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் யாருக்காவது இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? காப்பீட்டு எண் என்ன?

2. மாதச் சம்பளம் 12,000 ரூபாய். நூற்றுக்கு முக்கால் ரூபாய் வீதம் எவ்வளவு பிடிப்பார்கள்? கணக்குப் போடுங்கள்.

3. உங்கள் பகுதியில் பதிவு எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் டாக்டர்கள் எத்தனை பேர்?