செட்டிநாட்டு மாளிகைகள்

தமிழ்நாட்டின் தென்பகுதியில், சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது செட்டிநாடு. அது மன்னர் ஆண்ட நாடன்று. எல்லைக்கல் நட்டுப் பிரித்த நாடுமன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் வணிக மரபினர் குடியேறி வாழ்ந்த ஊர்களின் தொகுதியே அப்பெயர் பெற்றது. முன்னாளில் அவ்வூர்கள் 96 என்பர். இந்நாளில் எழுபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. செம்மண்ணும் சரளைக்கல்லும் நிறைந்த வறண்ட நிலம் அது. பேராறு ஒன்றும் அங்குப் பாய்வதில்லை. வானம் பொய்த்தால் வயலும் பொய்க்கும். இத்தகைய நிலத்தின் நடுவே வானளாவிய மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்போர், இவற்றைக் கட்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்று வியவாதிரார்.

அம்மாளிகைகளைக் காண விழைவோர் பலர் கானாடுகாத்தானுக்குச் செல்வர். காரைக்குடிக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். வண்டியில் விரைந்து செல்வோர்க்கு அது தன்னை முழுவதும் காட்டுவதில்லை. காலால் நடந்தே காணவேண்டிய ஊர் அது. ஊரை நன்கறிந்த வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, காண வந்தோர் பின்தொடர்வர். நல்ல வழிகாட்டி எவரையும் எடுத்த எடுப்பில் வீட்டினுள் அழைத்துச் செல்வதில்லை. முதலில் வீதியின் நடுவே நிறுத்தி, இருபுறமும் நோக்கச் சொல்வார்.

வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்கின்றன. வீதியின் ஒருபுறம் நெடுக உயர்ந்த தலைவாயில்கள் காணப்படும். எதிர்ப்புறமோ பல இடங்களில் வெற்று மதிலும் சிறு கதவுமே காணப்படும். ஒவ்வொரு பெரிய வீடும் ஒரு வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடிவதே அதற்குக் காரணம். ஒரு வீதியில் முகப்பு. மறு வீதியில் புழைக்கடை. எனவே, ஒரு வீட்டைச் சுற்றி வருதல் என்பது ஈண்டு ஒரு தெருவைச் சுற்றி வருதலேயாகும்.

வீதி மட்டத்தினும் மிக உயர்ந்த அடித்தளத்தின்மேல் வீடுகள் எழுப்பப்பட்டுள்ளன. நகரத்தாரின் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்தனர் என்பதும், கடல்கோளுக்கு அஞ்சி மேட்டு நிலம் தேடி வந்தனர் என்பதும் அம்மரபினர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. உயர்ந்த அடித்தளத்திற்கு அந்நினைவே காரணம் என்று வழிகாட்டிகள் சொல்வர். அஃது எவ்வாறாயினும், அடைமழைக் காலத்தில் வீதியில் ஓடும் வெள்ளம் வீட்டினுள் புகாதிருக்க அவ்வுயரம் பெரிதும் பயன்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

முகப்பின் உச்சியில், இருபுறமும் யானைகள் நீர் சொரியத் தாமரையில் வீற்றிருக்கும் திருமகளின் சுதை உருவம் அமைந்திருக்கும். அவளுக்கு அருகிலேயே தொப்பியணிந்து துப்பாக்கி ஏந்திய ஆங்கிலச் சிப்பாய்கள் காவல் நிற்பதையும் சில வீடுகளில் காணலாம். கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டுத் திண்ணை. மேல்தளத்தில் ஐரோப்பிய முறையில் அமைந்த கைப்பிடிச் சுவரும் வளைவுகளும். பொருந்தாதன போலத் தோன்றும் இவை ஒரே முகப்பில் பூசலின்றி அமர்ந்திருக்கின்றன. கடல் கடந்து பல நாடு கண்டவர்கள், கண்டவற்றுள் பிடித்தவற்றையெல்லாம் தம் வாயிலில் கொண்டுவந்து வைத்தனர் போலும்.

தலைவாயிற் கதவு தேக்கினாலானது. நிலையின்மேல் தெய்வ உருவங்களும் பூங்கொடிகளும் கிளிகளும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கும். அவ்வாயிலில் நின்று நேரே நோக்கினால், ஒரு கட்டைத் தாண்டி மறு கட்டாக, வாயிலுக்குப் பின் வாயிலாக, புழைக்கடைக் கதவு வரை கண் தடையின்றிச் செல்லும். கதவுகள் யாவும் திறந்திருக்கும்போது கண் செல்லும் வழியே காற்றும் செல்லும். நெடிய சுவர்களும், உயர்ந்த கூரையும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குப் பரப்பிய நாட்டு ஓடுகளும் வெயிலைத் தடுக்கின்றன. சித்திரைத் திங்களிலும் உள்ளே அடியெடுத்து வைத்தவர் உடல் குளிர்வது இதனாலேயே.

சுவரைத் தொட்டுப் பார்க்காதவர் எவருமிலர். பளிங்கோ என ஐயுறுமாறு அது வழவழப்பாக இருக்கும். ஆயின் அது சுண்ணாம்புப் பூச்சேயாகும். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் கூட்டி அரைத்துப் பல படலங்களாகப் பூசுவர். இறுதிப் படலத்தில் முட்டையின் வெண்கரு கலந்த நுண்சாந்தைப் பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். நூறாண்டு கடந்தும் அம்மெருகு பல வீடுகளில் மங்கவில்லை. ஒரு வீட்டிற்கு எத்தனை முட்டைகள் செலவாயின என்னும் கணக்கு மட்டும் வழிகாட்டிக்கு வழிகாட்டி வேறுபடும்; அதனைப் புன்னகையோடு கேட்டுக்கொள்வதே முறை.

முகப்பைக் கடந்தால் வருவது வளவு. செட்டிநாட்டு வீட்டின் நெஞ்சம் என்று இதனையே சொல்லவேண்டும். நடுவே வானம் தெரியும் திறந்த முற்றம். நான்கு புறமும் தூண்கள் தாங்கிய பத்தி. பத்தியை ஒட்டி வரிசையாகச் சிறு அறைகள். இத்துணைப் பெரிய மாளிகையில் அறைகள் இத்துணைச் சிறியனவாக இருப்பானேன் என்று காண்போர் கேட்பர். ஒவ்வோர் அறையும் மணமான மைந்தன் ஒருவனுக்கு உரியது. மணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘புள்ளி’ எனக் கணக்கிடப்பெறுவர். கோயிலுக்குச் செலுத்தும் வரியும் புள்ளி அளவிலேயே கணக்கிடப்பெறும். மணப்பெண் கொண்டுவந்த பாத்திரங்களும் பட்டாடைகளும் பிற சீர்ப்பொருள்களும் அவ்வறையிலேயே பூட்டி வைக்கப்பெறும். உறங்குவதற்கும் உண்பதற்கும் பத்தியும் கூடமும் இருக்க, அறை பெரிதாயிருக்கத் தேவையில்லை.

இதனினும் வியப்பானது ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கமாகும். திருமணமான சிறிது காலத்திற்குள், தந்தை மகனுக்கென ஆண்டுச் செலவுக்குரிய பொருளை அளந்து கொடுத்து, தனியே சமைத்து உண்ணுமாறு ஏற்பாடு செய்துவிடுவார். ஒரே கூரையின்கீழ்ப் பல அடுப்புகள் எரியும். இல்லம் ஒன்று, வரவு செலவுக் கணக்கோ பல. கூட்டுக் குடும்பத்தில் பூசல் பெரும்பாலும் அடுப்பங்கரையில் பிறக்கும் என்பதை உணர்ந்தவர் வகுத்த முறை இது எனலாம். இளம் வயதிலேயே சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் பயிற்சியும் இதனால் அமைந்தது. அப்பயிற்சி மிகவும் வேண்டியதாயிருந்தது. ஏனெனில், வெளிநாட்டில் தொழில் புரிந்த ஆடவர் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறையே ஊர் திரும்பினர். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்வதற்குள் ஓர் இளைஞனின் வாழ்நாளிற் பல ஆண்டுகள் கழிந்துவிடும். அக்காலமெல்லாம் இம்மாளிகைகளைக் கட்டிக் காத்தவர்கள் வீட்டிலிருந்த பெண்களும் முதியோருமே. கடல் கடந்தவரின் பெயரே பெரும்பாலும் வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. வளவில் இருந்தவரின் பெயரைக் காண்பது அரிது.

முற்றத்தின்மேல் நாற்புறக் கூரைகளும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். பெய்யும் மழைநீர் முழுவதும் முற்றத்தின் மூலைகளில் வந்து விழும். அவ்விடங்களில் பெரிய அண்டாக்களை வைத்து, முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின்னர் வரும் நன்னீரைப் பிடித்துக்கொள்வர். எஞ்சிய நீர் கல்லால் அமைந்த கால்வாய் வழியே கிணற்றையும் ஊருணியையும் சென்றடையும். ஆறில்லா ஊரில் துளி நீரும் வீணாகாதவாறு வீடும் வீதியும் ஊருணியும் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டப்பட்டுள்ளன. ஊருணியை மறந்து வீட்டை மட்டும் புகழ்வோர், பாதியையே கண்டவராவர்.

வளவிற்குப் பின் இரண்டாம் கட்டு உண்போர் பந்திக்கு உரியது. அதன்பின் அமைந்தவை பெண்கள் புழங்கும் கட்டும், அடுப்படியும், கிணறும், ஆட்டுக்கல் உரல்கள் கிடக்கும் புழைக்கடையும். பெல்ஜியம் நாட்டு நிலைக்கண்ணாடிகளும், இத்தாலியப் பளிங்கும், சப்பானிய ஓடுகளும், கண்ணாடி விளக்குகளும் முன்கட்டுகளை அணிசெய்கின்றன. அவற்றை விலை கொடுத்தால் எவரும் வாங்கலாம். ஆத்தங்குடித் தரைக்கற்கள் அத்தகையன அல்ல.

கானாடுகாத்தானுக்கு அண்மையிலுள்ள ஆத்தங்குடியில் அக்கற்கள் இன்றும் கையாலேயே செய்யப்படுகின்றன. இரும்புச் சட்டத்தினுள் கண்ணாடிப் பலகை ஒன்றை வைப்பர். பூவேலைப்பாடு அமைந்த அச்சினைக் கண்ணாடியின்மேல் பொருத்தி, அதன் சிற்றறை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவையை நிரப்பி மட்டஞ்செய்வர். பின்னர் அதனை நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி நீங்கும்போது அதன் வழவழப்பைக் கல் பெற்றுக்கொள்கிறது. மிதிக்க மிதிக்க அதன் ஒளி கூடும் என்பர். ஆதலால் ஆள் நடமாட்டமுள்ள வீட்டின் தரையையும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் தரையையும் பார்த்த அளவிலேயே வேறுபடுத்தி அறியலாம்.

இனித் தூண்களுக்கு வருவோர், இம்மாளிகைகளின் வரலாற்றுக்கே வந்துவிடுகின்றனர். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க இயலாத பருமனுள்ள தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. 1852-ஆம் ஆண்டில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் அந்நாட்டு அரிசிக்கு ஐரோப்பாவில் தேவை பெருகியது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளைத் திருத்திக் கழனியாக்க முனைந்த உழவர்க்கு முதல் தேவைப்பட்டது. ஆங்கில வங்கிகள் அவர்க்குக் கடன் கொடுக்கவில்லை, நகரத்தார் கொடுத்தனர். இலங்கை, மலேயா, சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்தம் கடைகள் பெருகின. ஈட்டிய வட்டி மரமாகவும் பளிங்காகவும் மாறி, செம்மண் நிலத்தில் வந்து நின்றது. கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912-ஆம் ஆண்டினது என்பர். அப்பெருஞ்செல்வத்தின் ஒரு பகுதி கல்விக்கும் சென்றது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவரே.

ஆயினும் 1930-ஆம் ஆண்டையொட்டி நெல் விலை வீழ்ந்தது. பர்மிய உழவர் வட்டி கட்ட இயலாது தவித்தனர். அடைமானம் வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு மாறின. சில ஆண்டுகளுக்குள் கீழ்ப்பர்மாவின் நெல் நிலங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. பணம் தேடிச் சென்றவர்க்கு, உழத்தெரியாத ஊரில் நிலம் கிடைத்தது. நிலம் இழந்தவர்க்கோ சினம் மிகுந்தது. தூணின் அழகைப் புகழும் வழிகாட்டிகளுள் சிலரே இக்கதையையும் சொல்வர். இதனைச் சொல்லாமல் விடின், அத்தூணின் வரலாறு முழுமை பெறாது.

1942-இல் சப்பானியர் படையெடுப்பு நேர்ந்தபோது பர்மாவிலிருந்த இந்தியர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் பிறந்தது. 1962-இல் ஏற்பட்ட படைத்துறை ஆட்சி, அடுத்த ஈராண்டில் வங்கிகளையும் வணிக நிலையங்களையும் எடுத்துக்கொண்டது. மாளிகைகளுக்கு வந்துகொண்டிருந்த ஊற்று அத்துடன் வற்றியது. இளைஞர் கல்வியையும் வேலையையும் தேடிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்றனர்.

வீடுகளோ எவராலும் பிரிக்க முடியாதவாறு அனைவருக்கும் பொதுவாக நின்றன. ஒருவர் கட்டிய வீட்டிற்கு நான்கு மைந்தர். அவர் ஒவ்வொருவர்க்கும் மும்மூன்று மைந்தர் எனக் கொண்டால், பேரன் காலத்தில் பங்குகள் 12. அதே கணக்கில் அடுத்த தலைமுறையில் 36. அவருள் ஒருவர் இசையாவிடினும் வீட்டை விற்கவோ திருத்தவோ இயலாது. திருமணத்திற்கும் கோயில் விழாவிற்கும் பங்காளிகள் கூடும்போது வளவு மீண்டும் நிறையும். விழா முடிந்ததும் கதவு மூடப்படும். காவலாள் ஒருவரே எஞ்சுவார். கூரையின் ஓட்டை ஆண்டுதோறும் புரட்டி அடுக்கவேண்டும். புரட்டாவிடின் ஒழுகும்; ஒழுகினால் உத்தரம் இற்றுப்போகும்; உத்தரம் வீழ்ந்தால் முட்டைப்பூச்சுச் சுவரும் நில்லாது. ஓடு மாற்றும் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று பேசி முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் கடந்துவிடுகிறது.

இதனால் இடிக்கப்பட்ட வீடுகள் பல. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் அவற்றின் நிலைகளும் தூண்களும் பெட்டகங்களும் விலைக்குக் கிடைக்கின்றன. வீடு முழுவதையும் காப்பதற்கு ஒருமைப்படாத பங்காளிகள், தூண்களின் விலையைப் பங்கிடுவதில் எளிதில் ஒருமைப்படுகின்றனர். வேறு சிலர் வீட்டைத் திருத்தி, வெளியூரார் தங்கும் விடுதியாக்கிக் காத்து வருகின்றனர். 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய முன்வரைவுப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெறுதல் ஒன்று. கூரையில் ஓடு மாறுதல் மற்றொன்று.

நடைப்பயணத்தின் முடிவில் வழிகாட்டி புழைக்கடைக் கதவு வழியாக அடுத்த வீதிக்கு அழைத்துச் செல்வார். அங்கே வீடுகளின் வரிசையில் இடையே ஒரு வெளி தெரியும். உயர்ந்த அடித்தளமும் வாயிற்படிகளும் மட்டும் இருக்கும். அதன்மேல் சீமைக்கருவேல் முளைத்திருக்கும். படிகளில் ஏறிப் பார்ப்போர்க்கு, புதருக்கு நடுவே ஆத்தங்குடிக் கற்கள் சில, பூ மாறாமல், மங்கிய நிறத்தோடு கிடப்பது புலப்படும். வழிகாட்டி அங்கு நெடுநேரம் நிற்பதில்லை. அடுத்த வீட்டின் காவலாளை அழைத்து, கதவைத் திறக்கச் சொல்வார்.