வீடு மாறும்போது உங்க அலமாரியும் கூட வருமா?

இன்னைக்கு எபிசோடு என் வார்ட்ரோபோட கதையில ஆரம்பிக்குது.

போன ஜூன்ல நான் மூணாவது தடவையா வீடு மாறினேன். 11 மாச ஒப்பந்தம் முடிஞ்சதும் ஓனர் ஏத்தின வாடகை எனக்குக் கட்டுபடியாகலை. சாமான் ஏத்த வந்த அண்ணன் வார்ட்ரோபைத் தட்டிப் பார்த்துட்டு, "கழட்டித் தரேன் தம்பி. ஆனா திரும்ப மாட்டினா நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்"னாரு. நிக்கலை. புது வீட்டுல கதவை மாட்டப் போனா, கீல் இருந்த ஓட்டையில இருந்து தூள்தான் கொட்டுச்சு. பாதி மாசச் சம்பளம் போட்டு வாங்கினது, ரெண்டு வருஷம்கூட ஆகலை. அதே வண்டியில வந்த அம்மாவோட இரும்பு பீரோவுக்கு என்னைவிட வயசு அதிகம். அது பாட்டுக்கு சுவர் ஓரமா போய் நின்னுடுச்சு.

வாங்கும்போது நான் பார்த்தது நிறமும் ஸ்டைலும்தான். கேட்க மறந்த கேள்வி ஒண்ணு: உள்ளே என்ன இருக்கு?

ஃபினிஷ் வேற, மரம் வேற

'வால்நட் ஃபினிஷ்', 'தேக்கு ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் அது நிறத்தின் பெயர். மரத்தின் பெயர் இல்லை. 'இன்ஜினியர்டு வுட்' என்பதும் ஒரு குடும்பப் பெயர்தான். அதுக்குள்ள முக்கியமா மூணு பேர் இருக்காங்க.

முதலாவது பார்ட்டிகிள் போர்டு. மரச் சீவலையும் தூளையும் பசையோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. மூன்றிலும் பொதுவாக விலை குறைவானது இதுதான். இரண்டாவது எம்டிஎஃப். மரத்தை நார் நாராகப் பிரித்து அழுத்தியது. மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் பெயின்ட் அடிக்கவும் டிசைன் வெட்டவும் நல்லது. மூன்றாவது பிளைவுட். மெல்லிய மரத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியது. ஒரு தாளின் நார் நீளவாக்கில் ஓடினால், அடுத்ததன் நார் குறுக்கே ஓடும். அதனால எந்தப் பக்கமும் சுலபமா பிளக்காது, வளையாது.

மேல ஒட்டுற லேமினேட் மூணுக்கும் ஒண்ணேதான். கடையில வரிசையா நிக்க வெச்சா வித்தியாசமே தெரியாது.

ஸ்க்ரூவும் தண்ணீரும்

வித்தியாசம் தெரியும் முதல் இடம் ஸ்க்ரூ ஓட்டை. மரத்திலும் பிளைவுட்டிலும் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள நீளமான நார்கள் இருக்கின்றன. பார்ட்டிகிள் போர்டில் இருப்பது பசையில் ஒட்டிய சின்னச் சின்னத் துண்டுகள். முதல் தடவை பிடிக்கும். கழற்றி மறுபடி முறுக்கினால் துண்டுகள் உதிர்ந்து ஓட்டை பெரிதாகும். முழு மரத்தில் ஓட்டை தளர்ந்தால், ஆசாரி ஒரு மரக்குச்சியைப் பசையில் தோய்த்து அடித்து, அதே இடத்தில் புதிதாகத் துளை போட்டுவிடுவார்.

இரண்டாவது தண்ணீர். பார்ட்டிகிள் போர்டு அழுத்திச் செய்தது என்பதால், ஈரம் உள்ளே போனால் உப்பும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. வெள்ளமெல்லாம் வர வேண்டியதில்லை, தினமும் வீடு துடைக்கிற மாப் போதும். தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் அலமாரிக்குக் கீழ் ஓரத்தில்தான் முதலில் உப்பும். இந்த இடத்துல மட்டும் ஸ்டைல் உதவிக்கு வருது. மிட்-செஞ்சுரி டிசைன்ல வர்ற மாதிரி கால் வெச்ச அலமாரின்னா ஈரம் பலகையைத் தொடாது, அடியில கூட்டவும் முடியும்.

பிளைவுட்டிலும் கேட்க ஒரு கேள்வி இருக்கு. 'ஐஎஸ் 303' முத்திரை உள்ள எம்ஆர் வகை, காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும். பெட்ரூமுக்குப் போதும். சமையலறை சிங்க் அடிக்கு 'ஐஎஸ் 710' கேளுங்க. கடையில 'மரைன்'னு சொல்லுவாங்க.

முழு மரம்னா கவலையே இல்லையா?

அப்படியும் இல்லை. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. ஆனா அது வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான். வெளிர் நிற ஓரக்கட்டைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. விலை கட்டுப்படியாகாதவங்க ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். கேரளாவிலும் கன்னியாகுமரியிலும் பால் வற்றிய மரங்களை வெட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றி, நாற்காலி, மேசை செய்கிறார்கள். மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்கணும்.

36 நாற்காலி, ஒரு பெட்டி

'அப்போ கழட்டி மாட்டுற சாமானே வேண்டாமா?'ன்னு கேட்பீங்க. அது மேல தப்பில்லை. 1859-ல் மைக்கேல் தோனெட் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி வியன்னாவின் காஃபி கடைகளில் புகழ்பெற்றது. பீச் மரத்தை நீராவியில் வளைத்துச் செய்த ஆறு துண்டுகள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. நாற்காலி அவ்வளவுதான். கழற்றினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கழட்டுறதுக்காகவே செஞ்ச சாமான்தான். ஆனா ஸ்க்ரூ பிடிச்சது முழு மரத்துல.

கடைக்குப் போனா

டிராயரை வெளியே இழுத்து அடிப்பக்கத்தைப் பாருங்க. அங்கே லேமினேட் பெரும்பாலும் இருக்காது. கீல் ஓட்டைக்குள்ள போன் டார்ச் அடிங்க. அடுக்கடுக்கா தெரிஞ்சா பிளைவுட். ரவை மாதிரி தெரிஞ்சா பார்ட்டிகிள் போர்டு. ஆன்லைன்ல வாங்கினா 'மெட்டீரியல்' வரியைப் படிங்க. 'இன்ஜினியர்டு வுட்'னு மட்டும் இருந்தா, எதுன்னு கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க.

பார்ட்டிகிள் போர்டை வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. சொந்த வீடு, ஈரமில்லாத சுவர், கழட்ட வேண்டிய அவசியமில்லாத புத்தக ஷெல்ஃப் என்றால் அது பாட்டுக்கு நிற்கும். ஆனா நம்மள்ல பலருக்கு வாழ்க்கை 11 மாசத் தவணையில ஓடுது. நமக்கு ஒரு சாமானோட விலை பில்லுல இருக்கிற தொகை மட்டும் இல்லை. அது எத்தனை வீடு தாங்கும்னு வகுத்துப் பாருங்க.

எனக்கு இப்போ வார்ட்ரோப் கிடையாது. துணியெல்லாம் அம்மா பீரோவுலதான் இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.