தரையும் ஆறும்

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த தொன்மை வாய்ந்த ஊர் திருமழபாடி. இஃது அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற திருப்பதி. பங்குனித் திங்களில் புனர்பூச நாளன்று இவ்வூரில் நந்தியெம்பெருமானின் திருமண விழா நடைபெறும். 'நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்' என்பது இப்பக்கத்து மக்கள் வழங்கும் பழமொழி. ஆதலின், அன்று சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் தொலைவிலுள்ள நகரங்களிலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்து கூடுவர். கடைகள் நிரம்பும், உணவு விடுதிகளில் அடுப்பு அணையாது.

விழா முடிந்த மறுநாட் காலையை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் கடையைக் கழுவுகின்றார். உணவு விடுதிக்காரர் எண்ணெய்ப் பிசுக்கேறிய தரையைத் தேய்க்கின்றார். திருமண மண்டபங்களிலோ ஆண்டு முழுவதும் முகூர்த்த நாளுக்கு மறுநாள் இதே வேலைதான். குடங்குடமாக நீர் ஊற்றப்படுகின்றது, சோப்புத் தூள் தூவப்படுகின்றது, நுரை பொங்குகின்றது. சிறிது நேரத்தில் தரை முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னுகின்றது. காண்பார், 'ஆ! எத்துணைத் தூய்மை!' என்று மகிழ்கின்றனர். ஆனால் ஒருவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. கழுவிய அந்நீர் எங்கே சென்றது?

நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது இயற்கை. தெருச் சாக்கடையில் விழும் நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது; ஒரு பகுதி ஆற்றை நாடுகின்றது. வெள்ளக் காலத்தில் கடல்போற் பெருகும் கொள்ளிடம், கோடையில் அகன்ற மணற்பரப்பினிடையே சிறுசிறு கால்களாக ஓடும். அந்நாளில் ஆற்றிற் கலக்கும் மாசு கரைந்து நீர்த்துப்போக வழியில்லை. திருமழபாடியைக் கடந்து கிழக்கே செல்லும் கொள்ளிடம் அணைக்கரையில் கீழணையை அடைகின்றது. ஆங்கிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரி நீர் பெறுகின்றது. 2004-ஆம் ஆண்டு முதல் வீராணத்து நீர் குழாய் வழியே சென்னை மாநகருக்கும் செல்கின்றது. எனவே, கரையில் வாழ்வோர் ஊற்றும் நீர், தாம் என்றும் கண்டிராத ஒருவர் வீட்டுக் குவளையின் திசை நோக்கியே செல்கின்றது. ஒரு மண்டபத்து வாளி நீர் ஆற்றுக்குச் சிறிது என்பது உண்மை. கரை நெடுகிலும் உள்ள அத்தனை ஊர்களின் வாளிகளும் சேர்ந்தால் அது சிறிதாகுமோ?

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். அழுக்கை நீக்குதல் வேறு. அழுக்கை இடம் மாற்றுதல் வேறு. தன் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு வாயிலிற் கொட்டுபவனைத் தூய்மை உடையவன் என்று எவரும் கூறார். தரையின் அழுக்கை நஞ்சோடு சேர்த்து ஆற்றுக்கு அனுப்புவதும் அத்தகையதே. புறத்தின் தூய்மைக்கு நீரையே காரணமாகக் காட்டினார் வள்ளுவர். அந்நீரே மாசுற்றால் அதனை எதனாற் கழுவுவது?

துப்புரவுக்கு நாம் பயன்படுத்தும் பொருள்கள் எவ்வாறு தீங்கு செய்கின்றன என்பதை இனிக் காண்போம். 1950-ஆம் ஆண்டுகளில் மேலை நாடுகளில் ஒரு வகைச் செயற்கைச் சலவைத் தூள் பெருவழக்கிற்கு வந்தது. நீரிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்களால் அதனை எளிதிற் சிதைக்க இயலவில்லை. ஆறுகளில் நுரை மலைபோற் குவிந்தது. சில இடங்களில் குழாயில் வந்த குடிநீரும் நுரைத்தது. செருமனி நாடு 1961-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்க நாட்டில் உற்பத்தியாளர்கள் 1965-ஆம் ஆண்டளவில் எளிதிற் சிதையும் வகைக்கு மாறினர். மனம் வைத்தால் மாறுதல் இயலும் என்பதற்கு இது சான்று.

சில சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் பாசுபேட்டு என்னும் உப்பு மற்றொரு வகையில் கேடு செய்வது. அது பாசிக்கு உரம். ஏரியிற் கலந்தால் பாசி அளவின்றிப் படரும். பின்னர் அது மடிந்து அழுகும்போது நீரிற் கரைந்துள்ள உயிர்க்காற்று குறையும். மீன்கள் மூச்சுத் திணறி இறக்கும். பெங்களூரிலுள்ள பெல்லந்தூர் ஏரியில் 2015-ஆம் ஆண்டு சோப்பும் சாக்கடையும் கலந்து எழுந்த வெண்ணுரை, காற்றிற் பறந்து சாலையில் செல்வோர்மேற் படிந்ததை நாடே கண்டது. அங்குள்ள வீடுகளும் அலுவலகங்களும் உள்ளே தூய்மையாகத்தான் இருந்தன. ஏரிதான் அவற்றின் அழுக்கைச் சுமந்தது.

அடுத்தது அமிலம். கறை போகவேண்டும் என்று தரையில் அமிலத்தை ஊற்றித் தேய்ப்போர் பலர். மாணவர்களே! அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக் கல்லுக்குப் பெயர் பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கல்லைச் சிறிது பொடித்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டுப் பாருங்கள். சிறு குமிழிகள் தோன்றும். புளிப்புச் சாற்றுக்கே கல் கரைகின்றது எனில், கடும் அமிலத்திற்கு எவ்வாறு நிற்கும்? பளிங்குத் தரையிலும் மொசைக்குத் தரையிலும் சிமெண்டுத் தரையிலும் சுண்ணச் சத்து உண்டு. அமிலம் கறையோடு தரையையும் அரிக்கின்றது. வழவழப்பு நீங்கிச் சொரசொரப்பான தரையில் அழுக்கு முன்னிலும் விரைந்து ஒட்டும். அதனைப் போக்க மேலும் அமிலம் வேண்டும். இவ்வாறு நோயை வளர்க்கும் மருந்தாகவே அது முடிகின்றது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் யான் ஒரு திருமணத்தின் பொருட்டுச் சென்றிருந்த மண்டபத்தில், விடியற்காலையில் கழிப்பறையைக் கழுவச் சென்ற அம்மையார் ஒருவர், கண்களில் நீர் பெருக, மார்பைப் பிடித்துக்கொண்டு இருமியவாறு வெளியே ஓடி வந்தார். வெளுப்புத் தூளைத் தூவிய இடத்தில் அமிலத்தையும் ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புத் தூய்மை என்று அவருக்கு யாரோ கூறியிருந்தனராம். பிளீச்சிங் பவுடர் என்று கடைகளில் வழங்கும் வெளுப்புத் தூளும் அமிலமும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று எழும். முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22-ஆம் நாள், பெல்சியத்திலுள்ள ஈப்பர் என்னும் ஊரின் அருகே போர்வீரர்களைக் கொல்வதற்கு ஏவப்பட்டது அக்காற்றே ஆகும். போர்க்கருவியாய் நின்ற ஒன்றை, கதவடைத்த சிறு அறையில், முகத்துணியும் கையுறையும் இல்லாத ஒரு பெண்மணி தம் கையாலேயே உண்டாக்க நேர்ந்தது. நற்காலமாக அவர் பிழைத்தார். அன்று உள்ளே அமர்ந்து விருந்துண்ட எங்களுள் ஒருவருக்கேனும் அந்நிகழ்ச்சி தெரிந்திருக்குமோ என்பது ஐயமே.

அங்ஙனமாயின், பலர் வந்து செல்லும் கட்டடங்களைத் தூய்மை செய்யாது விடலாமோ? விடல் ஆகாது. தீங்கின்றித் தூய்மை செய்யும் வழிகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, அழுக்கை வாயிலிலேயே தடுத்தல். கட்டடத்தினுள் சேரும் புழுதியிற் பெரும்பகுதி வருவோரின் காலோடு வருவது. காலணியை வெளியே விட்டுக் கால் கழுவி உட்புகுந்த நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். இன்றைய கடைகளிலும் அலுவலகங்களிலும் வாயிலில் நான்கைந்து அடி நடந்து கடக்குமளவு நீண்ட தென்னைநார்க் கால்மிதியை இட்டால், உள்ளே செய்யவேண்டிய வேலை பெரிதும் குறையும்.

இரண்டாவது, நீருக்கு முன் துடைப்பம். உலர்ந்த குப்பையை முதலிற் கூட்டி அள்ளுதல் வேண்டும். எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூளையோ சாம்பலையோ தூவி ஒற்றி எடுத்தல் வேண்டும். எச்சில் இலையையும் காய்கறிக் கழிவையும் எருக்குழியிற் சேர்த்தல் வேண்டும். அதன்பின் பிழிந்த ஈரத்துணியாற் துடைத்தாலே பெரும்பாலான தரைகள் தூய்மையாகிவிடும்.

மூன்றாவது, அளவு. ஒரு மூடி போதும் இடத்தில் கால் புட்டியைக் கவிழ்ப்பதால் தூய்மை நான்கு மடங்கு ஆவதில்லை. மிகுந்த சோப்பு தரையிற் பிசுக்காகப் படிந்து புழுதியை இழுக்கும். அதனைப் போக்க மேலும் நீர் செலவாகும்.

நான்காவது, நோய்க்கிருமியை அழிக்கும் மருந்தை அதற்குரிய இடத்தில் மட்டும் பயன்படுத்துதல். கழிப்பறைக்கும் நோயுற்றோர் வாந்தி எடுத்த இடத்திற்கும் அது வேண்டும். கூடம் முழுவதற்கும் நாள்தோறும் வேண்டுவதில்லை. அதனையும் முதலில் அழுக்கைக் கழுவிய பின்னரே இடுதல் வேண்டும். அழுக்கின்மேல் இட்டால் வெளுப்புத் தூளின் ஆற்றல் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். கொரோனாத் தொற்றுப் பரவிய 2020-ஆம் ஆண்டில் பல நகரங்களில் தெருத்தெருவாகக் கிருமிக்கொல்லி மருந்து பீய்ச்சப்பட்டது. அவ்வாறு தெருக்களில் தெளிப்பது பயன் தராது என்றும், மக்களின்மேல் தெளிப்பது தீங்கு என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்தில் அறிவுறுத்தியது.

நம் நாட்டுப் பழம்பொருள்களும் துணை செய்வன. பித்தளைக்குப் புளியும், எண்ணெய்ப் பாத்திரத்திற்குச் சாம்பலும், துணிக்குப் பூந்திக்கொட்டையும் நெடுங்காலமாக நம் இல்லங்களிற் பயன்பட்டு வருகின்றன. எனினும், பழையன யாவும் தீங்கற்றவை என்று எண்ணிவிடுதல் ஆகாது. பூந்திக்கொட்டையின் நுரை நேரே குளத்திற் கலந்தால் மீன்களுக்கு நஞ்சாகும். ஒரு பொருளின் நன்மை அதன் வயதில் இல்லை. அளவிலும், அது சென்று சேரும் இடத்திலும் உள்ளது.

ஆகவே ஐந்தாவதாக, கழுவிய நீருக்கு ஓர் இடம் அமைத்தல் வேண்டும். சரளையும் மணலும் நிரப்பிய பள்ளத்தில் கல்வாழையும் நாணலும் வளர்த்து, அதனூடே கழிவுநீரைச் செலுத்தினால், வேர்களும் அங்கு வாழும் நுண்ணுயிர்களும் மாசைப் பெரிதும் குறைத்துவிடும். ஐதராபாத்தில் 2004-ஆம் ஆண்டு அந்நாட் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் திறந்துவைத்த பசுமைக் கட்டடத்தில், கழிவுநீர் இத்தகைய வேர்ப்படுகையாற் தூய்மை செய்யப்பட்டுத் தோட்டத்திற்குப் பாய்கின்றது. ஒரு மண்டபத்தின் பின்புறத்தில் இத்தகைய படுகை அமைத்தல் அரிதன்று. ஆனால் அமிலத்தையும் வெளுப்புத் தூளையும் அளவின்றி ஊற்றினால் அந்நுண்ணுயிர்களும் மாண்டுவிடும். முன்னைய நெறிகளைக் கைக்கொண்டார்க்கே இந்நெறி பயன் தரும்.

'இவற்றிற்கெல்லாம் பொருட்செலவு ஆகுமே' என்று கட்டட உரிமையாளர் கூறலாம். கால்மிதிக்கும் கையுறைக்கும் செலவு உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்தும் நீரும் குறைவதால் வரவும் உண்டு. தரை நீடித்து நிற்பதால் வரும் ஊதியமும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, நாள்தோறும் அம்மருந்துகளைத் தொடுபவர் உரிமையாளரும் அல்லர், விருந்தினரும் அல்லர். விரல்கள் வெந்து தோல் உரிய உழைக்கும் துப்புரவுத் தொழிலாளரே. அவருடைய மூச்சைக் கெடுத்துப் பெறும் பளபளப்பைத் தூய்மை என்று கூறுதல் தகுமோ?

திருமழபாடிக் கோயிலின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. முதலாம் இராசராச சோழன், தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அக்கோயிலின் நடுவிடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் சுவர்களிலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டிற் படியெடுத்துக்கொள்ளுமாறும் பணித்தான். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றொன்று அழியாவண்ணம் காத்த அவ்வறிவன்றோ நமக்கும் வேண்டுவது! தரையைப் புதுப்பிக்கும் நாம் ஆற்றை அழித்தல் ஆகாது. உழைப்பவர் உடலை அழித்தல் ஆகாது.

மாணவர்களே! நாளை உங்களுட் சிலர் கடை வைப்பீர்கள். சிலர் மண்டபம் நடத்துவீர்கள். சிலர் அலுவலகங்களுக்குத் தலைமை தாங்குவீர்கள். மின்னும் தரையைக் கண்டவுடன் மகிழ்ந்து நின்றுவிடாமல், 'இதனைக் கழுவியவர் நலமாக உள்ளாரா? கழுவிய நீர் எங்கே சென்றது?' என்னும் இரு கேள்விகளையும் கேளுங்கள். இரண்டிற்கும் நல்ல விடை கிடைக்கும் இடமே தூய்மையான இடம்.