கோட்டுக்கு வெளியே நின்ற ஆசான்

கூத்து முடிந்து கோழி கூவும் வேளையில் வீடு திரும்புவோர், அருச்சுனனாக ஆடியவனின் ஆட்டத்தைப் புகழ்வர். தேவியாக வந்தவனின் குரலை வியப்பர். மாதக்கணக்கில் இராக்கண் விழித்து அவர்களைப் பழக்கிய அண்ணாவியாரைப் பற்றி அவ்வேளையில் ஒரு சொல் சொல்பவர் அரியர். மலையகத் தோட்டங்களில் அவரை ‘வாத்தியார்’ என்பர். பெயர் எதுவாயினும் அவர் தொழிலின் இயல்பு ஒன்றே: தாம் கற்பித்தது பிறர் உடலில் விளங்க, தாம் களரியின் ஓரத்தில் நிற்றல்.

உதைபந்தாட்டத்திலும் இத்தகைய ஒருவர் உண்டு. முகாமையாளர் என்றும் பயிற்றுநர் என்றும் அவரை அழைக்கிறோம். ஆட்டக்காரரைத் தேர்வதும், பழக்குவதும், இன்னாருக்கு இன்ன இடமென வகுப்பதும் அவர் பணி. மத்தியஸ்தரின் ஊதுகுழல் ஒலித்தபின் வெள்ளைக் கோட்டைத் தாண்ட அவருக்கு உரிமையில்லை. இக்காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரரை மாற்றும் வசதியேனும் உண்டு. உலகக் கிண்ணப் போட்டியில் அவ்விதி 1970இலேதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட முகாமையாளர், பரீட்சை மண்டபத்து வாயிலில் நிற்கும் ஆசிரியரைப் போன்றவர். கற்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. இனி எழுத வேண்டியவன் மாணவன்.

இத்தொழிலைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எங்கள் கடுகண்ணாவையின் டோசன் கோபுரம் என் நினைவுக்கு வருகிறது. கொழும்பிலிருந்து கண்டிக்குத் தரைவழி வருவோர் கணவாயின் தலைப்பில் அதனைக் காண்பர். கண்டி வீதியைத் திட்டமிட்டு அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுந்தது அக்கோபுரம். மலையை உடைத்தும் மண்ணைச் சுமந்தும் அவ்வீதியைச் சமைத்தவர்களோ, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு அழைத்துவரப்பட்ட குடிமக்கள். அவர்களுள் ஒருவர் பெயரையும் நாம் அறியோம். இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832ஆம் ஆண்டிலேதான். வீதியைப் பொறுத்தவரை, திட்டமிட்டவன் பெயர் நின்றது. உழைத்தவர் பெயர் அழிந்தது. உதைபந்தாட்டத்திலோ பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடக்கிறது. கோல் அடித்தவன் பெயர் கிண்ணத்தோடு நிற்கிறது. திட்டமிட்டவன் பெயர் தேய்ந்து போகிறது. இரண்டும் நீதியாகா என்பதே என் துணிபு.

மேனாட்டில் இக்குறை ஓரளவு தீர்ந்தது. முகாமையாளர் பணியைத் தனியொரு தொழிலாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஹேர்பர்ட் சப்மன். 1925இல் ‘ஓஃப்சைட்’ விதி மாறியபோது, நடுவில் ஆடியவரைக் காவலுக்குப் பின்னிழுத்து அணிவகுப்பையே திருத்தியமைத்தார். ஹடர்ஸ்பீல்ட் கழகத்துக்கு இரு முறையும், ஆர்சனல் கழகத்துக்கு இரு முறையும் லீக் பட்டம் ஈட்டித் தந்தார். 1934இல் அவர் மறைந்தபின் ஆர்சனல் மைதானத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தனர். இன்று ஐரோப்பியப் பெருங்கழகங்களின் முகாமையாளர் பெறும் ஊதியத்தையும் புகழையும் நம் மாணவர் நன்கறிவர். ஆனால் நம் அயலிலேயே, பாடசாலை ஆசிரியர் ஒருவர் அத்தொழிலின் சிகரத்தைத் தொட்டு மறைந்தார் என்பதை அவருள் எத்தனை பேர் அறிவர்?

சையித் அப்துல் ரஹீம் 1909இல் பிறந்தார். ஐதராபாத் அவர் நகரம். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியைப் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டு தொடங்கி 1954 வரை, ஐந்து முறை தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணம் அவ்வணிக்கே உரியதாயிற்று. இந்திய அணியும் அக்காலத்திலேயே அவர் கைக்கு வந்தது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் அவ்வணி ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்றது.

அவர் கையாண்ட முறைகளில் வகுப்பறையின் வாசனை வீசுகிறது. பந்தைத் தானே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடுவதை விலக்கிய போட்டிகளை அவர் ஐதராபாத்தில் நடத்தினார். பந்து வந்ததும் தோழனைத் தேடும் பழக்கம் இவ்வாறு பிள்ளைகளுக்கு இயல்பாகப் படிந்தது. பலங்குறைந்த காலால் மாத்திரமே உதைக்கவேண்டிய போட்டிகளும் இருந்தன. வராத கணக்கையே மீண்டும் மீண்டும் செய்விக்கும் நல்லாசிரியரின் வழி அது. உயரத்தில் குறைந்த சிறுவருக்கெனத் தனிப் போட்டி வைத்தார். கடைசி வாங்கில் இருப்பவனையும் முன்னால் அழைக்கும் கருணை அதில் உண்டு. செகந்தராபாத்தில் வாழ்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பமொன்றின் பிள்ளை துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்துபோகக் கையில் காசில்லாத அவருக்குச் சைக்கிள் வாடகைக்குப் பணம் கொடுத்து அழைத்தவர் ரஹீம். பலராம் பிற்காலத்தில் இந்தியாவின் மிகச் சிறந்த முன்னிலை ஆட்டக்காரருள் ஒருவரானார்.

வெற்றிகளை மட்டும் அடுக்கினால் ஒருவரின் தொழிலை நாம் அறிந்தவராகோம். 1952ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் கொழும்பில் நாற்கோணப் போட்டியில் மோதின. இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. சில மாதங்களின் பின் அதே இந்தியா ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியாவைச் சந்தித்தது. குளிர் மண்ணில் இந்தியர் பலர் வெறுங்காலோடு ஆடினர். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 10–1. ஆசியாவின் தங்கத்தை அணிந்தவருக்கு இது எத்தகைய இடி! 

நான் ரஹீமை மதிப்பதற்கு முதற் காரணம் அந்தப் பத்துக் கோல்களே. தோல்வியை விதியின்மேற் போட்டுவிட்டு அவர் ஒதுங்கவில்லை. பிள்ளைகளையும் பழித்துத் தள்ளவில்லை. அதன்பின் இந்திய ஆட்டக்காரருக்குப் பாதணி கட்டாயமாயிற்று. உடல் வலுவும், விரைந்து பந்து கைமாற்றும் முறையும் பயிற்சியின் அடிப்படையாயின. நான்கு ஆண்டுகள் கழிந்து மெல்பேர்ண் ஒலிம்பிக் வந்தது. அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே இந்தியா 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் எதிரே நின்றது பழைய யூகோசிலாவியா. முதற்கோலை அடித்தது இந்தியா! முடிவில் 1–4 எனத் தோற்றபோதும், ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமை அதனைச் சேர்ந்தது. பத்துக்கு ஒன்று என்ற இடத்திலிருந்து நாலாம் இடம்வரை ஏறிய அந்த நான்கு ஆண்டுகளே ஓர் ஆசிரியனின் உண்மையான சான்றிதழ்.

அவர் தொழிலின் முடிவுரை 1962இல் ஜகார்த்தாவில் எழுதப்பட்டது. ஆசிய விளையாட்டு விழாவின் முதலாட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை வென்றபோது, காவலின் தூணான ஜர்னையில் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டார். அவர் இல்லாமலே யப்பானை வென்றாயிற்று. அரையிறுதிக்கு அவரைக் காவலுக்கு அனுப்பாது முன்வரிசையில் நிறுத்தினார் ரஹீம். ஜர்னையில் இளமையில் முன்வரிசையில் ஆடியவர் என்பதை ஆசான் மறக்கவில்லை. தென் வியட்நாமை 3–2 என வென்ற அவ்வாட்டத்தில் அவர் ஒரு கோலும் அடித்தார். இறுதியில் மீண்டும் தென் கொரியா. இடையில் நோயுற்றிருந்த தமிழர் பீற்றர் தங்கராஜ் பந்துகாப்பாளராக நிறுத்தப்பட்டார். உயர்ந்து வரும் பந்துகளை எட்ட அவர் நெடிய உருவம் வேண்டியிருந்தது. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இடமளிக்காமை குறித்து இந்திய அதிகாரியொருவர் எழுப்பிய வாதத்தால் சினங்கொண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியரைப் பார்த்துக் கூக்குரலிட்டது. பி. கே. பானர்ஜி ஒரு கோல், சில நிமிடங்களில் ஜர்னையில் ஒரு கோல். இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது. 

இறுதியாட்டத்துக்கு முன், தமக்கு ஒரு பரிசு தருமாறு அவர் பிள்ளைகளைக் கேட்டார் என்றும், அப்பரிசு அந்தத் தங்கமே என்றும் கூறுவர். ஜகார்த்தா செல்லும்போதே அவர் உடலைப் புற்றுநோய் அரிக்கத் தொடங்கியிருந்தது. 1963 ஜூனில், 53ஆம் வயதில், அவர் மறைந்தார். சிறந்த பயிற்றுநருக்கான துரோணாச்சாரியார் விருதை இந்தியா 1985இலேதான் ஏற்படுத்தியது. 2024இல் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் அவர் கதையைச் சொல்லும்வரை, இளந்தலைமுறையிற் பலர் அவர் பெயரையே கேட்டதில்லை. அவர் மறைவின் பின் இந்திய உதைபந்தாட்டம் ஆசிய விழாவில் தங்கம் பெறவுமில்லை. 1960 றோம் நகருக்குப் பின் ஒலிம்பிக் களத்தில் இறங்கவுமில்லை. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் ஒருவரின் இழப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்த வெறுமையும் ஒரு சாட்சி. ஆறுதலாக ஒன்று சொல்லலாம். பி. கே. பானர்ஜி, அருண் கோஷ், ஜர்னையில் சிங் ஆகிய அவர் மாணவர் பின்னாளில் தாமே பயிற்றுநராயினர். விளக்கிலிருந்து விளக்கேற்றுவது இதுவன்றோ!

நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொன்னது நன்னூல். பத்துக் கோல்களைத் தாங்கிய பொறுமையில் நிலத்தையும், பகைக்கூட்டத்தின் நடுவே அசையாமையில் மலையையும், காவலனை முன்வரிசைக்கு மாற்றிய தீர்ப்பில் நிறைகோலையும், ஏழைப் பிள்ளைக்குச் சைக்கிள் வாடகை கொடுத்த ஈரத்தில் மலரையும் ரஹீமிடம் நான் காண்கிறேன். பவணந்தியார் இலக்கணம் வகுத்தது ஏட்டுக் கல்வியின் ஆசிரியனுக்கு; அது பந்து கற்பித்தவருக்கும் பொருந்தி நிற்கிறது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் நம் பாடசாலைகளே. பரீட்சை நெருங்கினால் முதலிற் பறிபோவது உடற்கல்விப் பாடவேளை. கண்டிப் பகுதியில் ரக்பிக்கு உள்ள ஆரவாரத்தில் ஒரு பங்கும் உதைபந்தாட்டத்துக்கு இல்லை. இருந்தும் தோட்டத்து லயங்களுக்கிடையே கிடைத்த சரிவில் கல்லை நட்டுக் கோலாக்கி ஆடும் பிள்ளைகளை மாலைதோறும் காண்கிறோம். அவர்களுள் ஒரு பலராம் இல்லையென்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்? அவனுக்குச் சைக்கிள் வாடகை கொடுப்பவர் வேண்டும். அவனது பலங்குறைந்த காலைப் பழக்குபவர் வேண்டும்.

அத்தகையவர் நம்மிடையே ஏற்கெனவே இருக்கின்றனர் என்றே நம்புகிறேன். அவர்களுக்குக் கோபுரம் கட்டவேண்டியதில்லை. பாடசாலை மண்டபத்தில் வெற்றியணியின் படத்தை மாட்டும்போது, பிள்ளைகள் அனைவரின் பெயரோடு, ஓரத்தில் நிற்கும் அந்த மனிதரின் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதிவிட்டால் போதும்.